ஒரு நிமிடம், மூன்று அடி

ஒரு மனிதன் விளக்கைப் பார்த்துப் பொறாமைப்படுவானா என்று கேட்டால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுச் சின்ன மாப்பிள்ளைக்கு இரண்டு மாதம் வயிறு எரிந்தது ஒரு சிவப்பு விளக்கால்தான். விளக்கு என்ன செய்யும் பாவம், அதை வாங்கி வந்தவர் அப்படிப்பட்டவர்.

சின்ன மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அங்கே அவருக்கு அரைமாத்திரை என்று பட்டப்பெயர். டாக்டர் அரை மாத்திரை என்று எழுதிவிட்டால் மற்றவர்கள் விரலால் உடைத்துக் கவரில் போட்டு அனுப்புவார்கள். இவர் பிளேடு எடுத்து வெட்டி, இரண்டு பாதியையும் தராசில் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். முனகட்டுமே, அவர் கையால் போன மருந்தில் அளவு கூடியது குறைந்தது என்று இன்றுவரை ஒரு புகார் கிடையாது.

மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் ஓய்வு பெற்ற மறுவருடமே மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாமியார் போன பிறகு சின்ன மகள் வீட்டோடு வந்துவிட்டார். அதிலிருந்து மூன்று வருடமாக, மாலை ஐந்தரை மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் மருந்தாளுநர் கை கால் கழுவி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, மாமனாரின் முழங்காலில் தைலம் தடவிப் பிடித்துவிடுவார். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் மாமனார் பஸ் ஓட்டிக்கொண்டே இருப்பார், வாயால். எந்த வளைவில் எந்த லாரிக்காரன் எதிரே வந்தான், பிரேக் பிடிக்காத வண்டியை எப்படி மேட்டில் ஏற்றி நிறுத்தினார், கூடப் பதினெட்டு வருடம் வேலை பார்த்த கண்டக்டர் எந்தப் பயணியிடம் என்ன பேச்சு வாங்கினார் என்று ஒன்று விடாமல் சொல்வார். மருந்தாளுநர் நான்கு வயதில் அப்பாவை இழந்தவர். அவருக்கு அந்த அரை மணி நேரம் என்னவாக இருந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

ஆனால் பாருங்கள், மூன்று வருடத்தில் மாமனார் வாயிலிருந்து சின்ன மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வந்ததில்லை. கெட்டதாகவும் வந்ததில்லை. மின்விசிறி சுற்றுவதை யாராவது பாராட்டுவார்களா, அந்த மாதிரி. வாயைத் திறந்தால் மூத்த மாப்பிள்ளைதான். டைல்ஸ் கடை வைத்திருக்கிற அந்த மனிதர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார், சத்தமாகச் சிரிப்பார், மாமனாரின் தோளில் கை போட்டுக்கொள்வார், மறுநாள் போய்விடுவார். போன பிறகு ஒரு வாரத்துக்கு வீட்டில் அவர் பேச்சே ஓடும். "மூத்த மாப்பிள்ளை வந்தா வீடே கலகலன்னு இருக்கு" என்பார் மாமனார், தைலம் தடவுகிற கையைப் பார்த்துக்கொண்டே.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் கொண்டுவந்ததுதான் அந்தப் பெட்டி. பிரித்தால் உள்ளே பரீட்சை அட்டை அகலத்துக்கு ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகச் சின்ன பல்புகள். சுவிட்சைப் போட்டதும் கூடமே சிவந்துவிட்டது. சிவப்பு வெளிச்ச சிகிச்சையாம். மூட்டு வலிக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமாம். மாமனார் முகம் விளக்குக்கு மேல் பிரகாசித்தது.

"இனிமே நீங்க தைலத்தைப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், சகலை. லைட்டு பாத்துக்கும்" என்றார் டைல்ஸ்காரர்.

"ஆமாமா. பாவம், அவருக்கும் தினம் கை வலிக்கும்" என்றார் மாமனார்.

மருந்தாளுநர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. கை வலிக்கிறது என்று அவர் எப்போது சொன்னார்?

"ஒண்ணே ஒண்ணு" என்று டைல்ஸ்காரர் தொடர்ந்தார். "எவ்வளவு தூரத்துல வைக்கணும், எத்தனை நிமிஷம் காட்டணும்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க. அளவெல்லாம் உங்க டிபார்ட்மென்ட். நமக்குச் சதுர அடிக்கு மேல கணக்கு வராது."

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போய்விட்டார். விளக்கு கூடத்தில் தங்கிவிட்டது. மருந்தாளுநரின் மனைவி அதைத் துடைத்து வைத்தபடி, "அத்தானுக்கு அப்பா மேல என்ன பாசம் பாருங்க" என்றாள். அவளும் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்குக் காதில் புகை வராத குறை.

அவர் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மாமனாரின் மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் வெளிச்சம் பட்டால் தோல் பொரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த விளக்கே ஆகாது. அதைப் பார்ப்பது சரியான வேலைதான், எந்த மருந்தாளுநரும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இவர் பார்த்த பார்வை வேறு. ஒன்றாவது இருக்காதா, ஒரே ஒரு மாத்திரை, என்று தேடினார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புத்தகத்தில் தேடினார். மூன்றும் சாதுவான மாத்திரைகள். அவருக்கு அவற்றின் மேலேயே கோபம் வந்தது.

சரி, அளவாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தார். வெளிச்சமும் மருந்து மாதிரிதான். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது, எத்தனை நொடி விழுகிறது, இரண்டையும் பெருக்கினால் உடம்பு வாங்கிக்கொண்ட அளவு ஜூலில் வந்துவிடும். குறைந்தால் வேலை செய்யாது. கூடினாலும் பலன் போய்விடும், தோல் சிவந்து எரியும். பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஆறு அங்குல தூரத்தில் நூறு மில்லிவாட் என்றும், இருபது நிமிடம் காட்டவும் என்றும் போட்டிருந்தது. இருபது நிமிடமா? பெருக்கிப் பார்த்தார். நூற்றிருபது ஜூல். விற்கிறவன் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் சூரிய மின்தகடு பொருத்த வந்தவரிடம் ஒரு மீட்டர் இருந்தது. அதை ஒரு நாள் இரவல் வாங்கி வந்து அளந்தார். புத்தகத்தில் சொன்ன அதே நூறு. ஆனால் அது வெயிலை அளக்கிற மீட்டர். சிவப்பு விளக்கை அதன் முன்னால் காட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டும் என்று அவர் தேடிப் படித்து வைத்திருந்தார். பெட்டிக்காரனும் இதே மீட்டரில்தான் அளந்திருப்பான். ஆக, உண்மை ஐம்பது. ஐம்பதில் ஒரு நிமிடம் என்றால் மூன்று ஜூல். படித்த கட்டுரைகளின்படி மூட்டுக்கு ஆறு ஜூலில் ஆரம்பித்துப் பார்க்கலாம். ஆறு அங்குலம், இரண்டு நிமிடம். தோல் சிவக்காவிட்டால் வாரத்துக்கு அரை நிமிடமாக நான்கு நிமிடம் வரை ஏற்றலாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அழகான கணக்கு. ஊரில் பத்துப் பேர் இந்த விளக்கை வாங்கியிருந்தால் ஒன்பது பேருக்கு இந்தக் கணக்கு வந்திருக்காது.

பேனாவை எடுத்தார். கூடத்திலிருந்து மாமனார் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "மூத்த மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்திருக்காருப்பா. எனக்கு வலிக்குதுன்னு யாரு கவலைப்பட்டா, அவருக்குத்தான் தோணியிருக்கு."

யாரு கவலைப்பட்டாவா?

மருந்தாளுநர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு விளக்கிலிருந்து மூன்று அடி தள்ளிப் போய் அளந்தார். எட்டு காட்டியது. அப்படியானால் உண்மை நான்கு. நான்கில் ஒரு நிமிடம் என்றால் கால் ஜூல்கூடத் தேறாது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் இதைவிட அதிகமாக வெளிச்சம் விழும். வெள்ளைத்தாளில், கோடு போட்டு, முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: தூரம் மூன்று அடி. நேரம் ஒரு நிமிடம். வாரத்தில் நான்கு நாள். அடியில் 'பாதுகாப்பான அளவு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

பொய் ஒன்றும் இல்லையே? பாதுகாப்புதான். அதைவிடப் பாதுகாப்பு விளக்கைப் போடாமலே இருப்பதுதான். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லலாம். கொஞ்ச நாளில் இந்த விளக்கு ஒன்றுக்கும் ஆகாது என்று ஆகும், பரண் மேல் போகும், சாயங்காலம் திரும்பி வரும். அவ்வளவுதான் அவர் வேண்டியது. அதற்காக இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, மருந்தில்லை என்று தெரிந்தே ஒரு அளவை எழுதிக் கொடுத்தார்.

மாமனார் சிக்னலை மதித்தே பழகியவர். மூன்று அடி என்றால் மூன்று அடி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டில் நாற்காலியின் முன்னங்காலை வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மகளை டைமர் வைக்கச் சொல்வார். ஒரு நிமிடம் முடிந்ததும் ஒரு நொடி தாமதமில்லாமல் எழுந்துவிடுவார். "அப்பா, இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்களேன், நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு நாள் அவள் சொன்னதற்கு, "அளவுன்னா அளவுதான்மா" என்று சொல்லிவிட்டார். ஐந்தரைக்கு வீடு திரும்புகிற மருந்தாளுநருக்குக் கை கழுவுவதைத் தவிர வேலை இல்லை. தைலம் போடட்டுமா மாமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "வேண்டாம் மாப்பிள்ளை, லைட்டுதான் இருக்கே" என்று பதில் வந்தது.

இதில் கூத்து என்னவென்றால், ஞாயிறுதோறும் டைல்ஸ்காரர் போன் செய்வார், மாமனார் "கொஞ்சம் பரவாயில்லை மாப்பிள்ளை" என்பார். பரவாயில்லையா! கால் ஜூலில் பரவாயில்லையா! மருந்தாளுநர் பக்கத்து அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். மூன்று வருடம் விரல் தேயப் பிடித்துவிட்டதற்கு வராத பரவாயில்லை, ஜன்னல் வெளிச்சத்துக்கு வருகிறது. கட்டிலிலிருந்து எழும்போது மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதை அவர்தான் தினமும் பார்க்கிறார். வலி அப்படியேதான் இருந்தது. வாங்கிக் கொடுத்தவர் மனசு நோகக் கூடாதே என்று கிழவர் சொல்கிற முகஸ்துதி அது. தெரிந்தும் எரிந்தது.

இப்படியே ஆறு வாரம் போயிற்று. ஏழாவது வாரம் கண்டக்டர் ஊரைவிட்டுப் போவதாக இருந்தது. மகன் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொண்டான், இனித் திரும்ப மாட்டார். டிப்போவில் பழைய ஆட்கள் எல்லாம் கூடி அவரை வழியனுப்ப ஏற்பாடு. டிப்போ தெருக்கோடியிலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஐநூறு அடி. மாமனார் அன்று காலையே சட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். மகள் ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றாள். அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"பதினெட்டு வருஷம் நான் ஓட்டின வண்டியில அவன் வந்தான். நான் இன்னொருத்தன் வண்டியில போய் இறங்கி, ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி நிறுத்தினா என்ன மரியாதை? நடந்து போனா போறேன். இல்லேன்னா இல்லை."

நடந்தார். மருந்தாளுநரும் கூடப் போனார். தெருக்கோடி விளக்குக்கம்பம் வரை இருபது நிமிடம் ஆயிற்று. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமனாரின் கன்னத்தில் வேர்வை இறங்கியது. டிப்போ கூரை அங்கிருந்தே தெரிந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, "திரும்பலாம் மாப்பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கண்டக்டர் விமான நிலையத்திலிருந்து போன் செய்தபோது, வயிறு சரியில்லைப்பா, அதான் வரலை என்றார். மருந்தாளுநர் அன்று சாப்பிடவில்லை. புதிய தாள் எடுத்து இரண்டு நிமிடம் என்று எழுதலாம் என்று நினைத்தார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? எழுதவில்லை.

மறு ஞாயிறு டைல்ஸ்காரர் வந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர் இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது, தன் விளக்கு செய்த அதிசயத்தைக் கண்ணால் பார்க்கத்தான். வந்து பார்த்தால் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மாலையில் சாக்பீஸ் கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததையும், ஒரு நிமிடத்தில் எழுந்ததையும் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"என்ன சகலை இது? எங்க கடை மேனேஜரும் இதே லைட்டுதான் வச்சிருக்கான், தோளுக்கு. ஒரு சாண் தூரத்துல மூணு நிமிஷம் உக்காருவான். இப்ப மூட்டை தூக்குறான். நீங்க மூணு அடி தள்ளி வச்சிருக்கீங்களே, இந்தத் தூரத்துல கொசுவுக்குக்கூட ஒண்ணும் ஆகாதே."

மருந்தாளுநர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கிட்டார். குரலில் அப்படி ஒரு சூடு, மூத்த மாப்பிள்ளையிடம் அவர் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இருங்க மாப்பிள்ளை. லைட்டு வாங்கிக் கொடுத்தீங்க, சந்தோஷம். அளவு உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமா அதுதான் அவரு வேலை. ஆஸ்பத்திரியில அரை மாத்திரையை நிறுத்துக் கொடுக்குற ஆள் அவரு. எனக்குன்னு போட்ட கணக்குல தப்பு வருமா? மூணு வருஷமா என் காலை அவருதான் பாத்துக்கறாரு, என் காலைப் பத்தி என்னைவிட அவருக்குத் தெரியும். சரியாகலைன்னா கால் அவ்வளவுதான்னு அர்த்தம். விடுங்க. அடுத்த வாரம் டாக்டர்கிட்டப் போயி இனிமே நடக்க வராதுன்னே முடிவு பண்ணிட்டு, ஒரு சக்கர நாற்காலிக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

டைல்ஸ்காரர் இரண்டு கையையும் தூக்கி, "சரி சரி, எனக்கென்ன தெரியும், சகலை சொன்னா சரிதான்" என்று பின்வாங்கினார். மருந்தாளுநரின் மனைவி சமையலறை வாசலில் நின்று புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள்.

இதற்குத்தானே மனிதர் மூன்று வருடம் காத்திருந்தார். வந்துவிட்டது, கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது, மூத்தவர் முன்னாலேயே வந்துவிட்டது. அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் அந்த ஆசை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சக்கர நாற்காலி என்ற சொல் விடவில்லை.

"சகலை சொல்றதுதான் சரி, மாமா" என்றார்.

"எது?"

"மூணு அடி தப்பு. ஒரு நிமிஷம் தப்பு. அரை அடியில ரெண்டு நிமிஷத்துல ஆரம்பிச்சிருக்கணும்."

"கணக்குல தவறிட்டீங்களா? சரி, மனுஷன்தானே" என்றார் மாமனார், உடனே. அவ்வளவு சுலபமாக மன்னித்தார். அந்த வழி திறந்தே இருந்தது. தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"தவறலை மாமா. கணக்கு அன்னிக்கே சரியா வந்துடுச்சு. தெரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்."

"ஏன்?"

மருந்தாளுநருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "பொறாமை" என்றார். "சாயங்காலம் நீங்க என்கிட்டப் பேசிட்டிருப்பீங்க. லைட்டு வந்ததும் அது போயிடுச்சு. லைட்டு வேலை செய்யலைன்னா திரும்பி வந்துடும்னு நினைச்சேன்."

டைல்ஸ்காரர் விளக்கைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார், சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மனைவி வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள். மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்டக்டர் போன அன்னிக்கு, கம்பத்தைப் பிடிச்சிட்டு நின்னேனே. நீங்க பக்கத்துல நின்னீங்க. அப்பவும் இது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் மாமா."

"சரியா வச்சிருந்தா நடந்திருப்பேனா?"

"அது சொல்ல முடியாது. எல்லாருக்கும் கேக்கும்னு இல்லை. ஆனா கேக்குதா இல்லையான்னு பாக்கவே நான் விடலை."

மாமனார் திட்டியிருக்கலாம், பஸ் ஓட்டியவர் வாயில் திட்டுக்கா பஞ்சம். திட்டவில்லை. மருந்தாளுநர் போய் வெள்ளைத்தாள் எடுத்துவந்தார். நின்றபடியே எழுதினார். தூரம் அரை அடி. நேரம் இரண்டு நிமிடம். வாரத்துக்கு அரை நிமிடம் ஏற்றலாம், நான்குக்கு மேல் வேண்டாம். தோல் சிவந்தாலோ எரிந்தாலோ நிறுத்தவும். கண்ணாடி கட்டாயம். அவர் எழுதியதிலேயே சுத்தமான சீட்டு அதுதான். இரண்டு கையாலும் மாமனாரிடம் கொடுத்தார்.

மாமனார் வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. சதுர அடிக்கு மேல் கணக்குத் தெரியாத மூத்த மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவை சரி பாத்துக் கொடுங்க, மாப்பிள்ளை."

டைல்ஸ்காரர் சீட்டை வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு முறை கண்ணை ஓட்டினார். பிறகு, சகலையின் முகத்தைப் பார்க்காமல், சரியாக இருக்கிறது என்று சொன்னார்.